குடிப்பதும் பிடிப்பதும்

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். பருத்திக் காட்டில் வெடித்து நிற்கும் காயிலிருந்து ஒரு பிடிப் பஞ்சைப் பறித்து, கொட்டையை நீக்கிவிட்டு, ஒரு கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சில் ஒரு பிடியை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடுங்கள். இரண்டில் எது முதலில் மூழ்கும்?

"இரண்டும் பஞ்சுதானே! இரண்டும் தண்ணீரை உறிஞ்சும், இரண்டும் மூழ்கும்" என்று நீங்கள் சொல்லக்கூடும். செய்து பார்த்தால் வியப்படைவீர்கள். மருந்துக் கடைப் பஞ்சு சில விநாடிகளில் நனைந்து கீழே போய்விடும். காட்டுப் பஞ்சோ நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். விரலால் அழுத்தினாலும் மறுபடி மேலே வரும்.

பஞ்சு தண்ணீரை உறிஞ்சும் என்று நாம் சிறு வயது முதல் சொல்லி வருகிறோம். அப்படியிருக்க, செடியிலிருந்து நேராக வந்த பஞ்சு ஏன் உறிஞ்சவில்லை? 'உறிஞ்சுதல்' என்றால் உண்மையில் என்ன? இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விசாரிப்போம். பார்ப்பதற்கு இது தமிழ்ப் பாடம் போலத் தோன்றும். ஆனால் முடிவில் இது நொய்யல் ஆற்றங்கரைக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

வாயில் பிறந்த சொல்

கன்றுக்குட்டி மடியில் பாலை உறிஞ்சுகிறது. கொசு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இளநீரைக் குழல் போட்டு நாம் உறிஞ்சுகிறோம். இந்தச் சொல்லின் முதற்பொருள் வாயால் இழுத்துக் குடித்தல் என்பதே. பின்னர்தான் வாயில்லாத பொருள்களுக்கும் அதைப் பயன்படுத்தலானோம். வேர் நீரை உறிஞ்சுகிறது, துணி வியர்வையை உறிஞ்சுகிறது என்கிறோம்.

இங்கே எழுத்துப் பிழைக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள். 'உறிஞ்சு' என்று வல்லின றகரம் போட்டால் குடித்தல். 'உரிஞ்சு' என்று இடையின ரகரம் போட்டால் தேய்த்தல், உராய்தல் என்று பொருள். மாடு மரத்தில் உடம்பை உரிஞ்சும். தொட்டித் தண்ணீரை உறிஞ்சும்.

நம் கொங்கு நாட்டு உழவரைக் கேட்டால் இன்னும் எளிய சொல்லைச் சொல்வார். தோட்டத்துக்கு மடை திறந்துவிட்டு வந்தவர், "மண்ணு நல்லாக் குடிச்சுப்போட்டுதுங்க" என்பார். கரிசல் மண் நிறையக் குடிக்கும்; மணற்பாங்கான மண் குடித்த வேகத்தில் கீழே இறக்கிவிடும். அகராதியைப் புரட்டினால் இஞ்சுதல், சுவறுதல் என்று வேறு சில சொற்களும் கிடைக்கும். இரண்டுக்கும் நீர் உள்ளே போய் மறைதல் என்பதே பொருள்.

'ஊறு' என்ற சொல் இன்னும் வேடிக்கையானது. அம்மிச்சி இரவில் கொண்டைக்கடலையை ஊறப் போடுகிறார். நீர் கடலைக்குள் போகிறது. கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது. நீர் பாறை இடுக்கிலிருந்து வெளியே வருகிறது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே சொல்! இரண்டிலும் நடப்பது ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வழிகளினூடே நீர் மெல்ல நகர்கிறது. அந்த மெல்லிய நகர்ச்சியைத்தான் 'ஊறுதல்' என்ற சொல் குறிக்கிறது.

இலத்தீன் மொழியிலும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. 'சோர்பேரே' என்ற இலத்தீன் வினைச்சொல்லுக்கு உறிஞ்சுதல், விழுங்குதல் என்று பொருள். அதன் முன்னே 'அப்' என்ற ஒட்டைச் சேர்த்து 'அப்சார்ப்ஷன்' என்ற ஆங்கிலச் சொல் உருவாயிற்று. ஆக, நம் சொல்லும் அவர்கள் சொல்லும் வாயில் பிறந்தவையே. இதையே நம் பாடநூல்கள் 'உறிஞ்சுதல்' என்றும் 'உட்கவர்தல்' என்றும் வழங்குகின்றன.

பஞ்சு எப்படிக் குடிக்கிறது?

இப்போது பஞ்சுக்குத் திரும்புவோம். பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸ் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. அதன் நெடுகிலும் ஆக்சிஜனும் ஹைடிரஜனும் சேர்ந்த தொகுதிகள் இருக்கின்றன. இவை நீர் மூலக்கூறுகளைத் தம்பால் இழுக்கும் இயல்புடையவை. இழைக்குள் சங்கிலிகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கப்பட்ட இடங்களும் உண்டு. தளர்வாகக் கிடக்கும் இடங்களும் உண்டு. தளர்ந்த இடங்களில் நீர் மூலக்கூறுகள் நுழைந்து குடியேறுகின்றன. இழை சற்றே பருக்கிறது. நீர் உண்மையாகவே உள்ளே போகிறது. இதுவே உட்கவர்தல்.

அப்படியானால் காட்டுப் பஞ்சு ஏன் மிதந்தது? செடியில் விளையும்போதே ஒவ்வோர் இழையின் மேலும் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று படிந்துவிடுகிறது. இழையின் எடையில் அது நூற்றில் ஒரு பங்கு கூட இருப்பது அரிது. ஆயினும் தண்ணீரை வாசலிலேயே நிறுத்திவிட அதுவே போதும். எரிசோடாக் கரைசலில் பஞ்சைக் கொதிக்க வைத்தால் மெழுகு நீங்கிவிடும். அதன்பின் வெளுத்துக் கழுவி உலர்த்தியதுதான் மருந்துக் கடைப் பஞ்சு. உறிஞ்சும் ஆற்றல் அதற்குப் புதிதாக வந்ததன்று. உள்ளே இருந்த ஆற்றலுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவே.

உலர்ந்ததாகத் தோன்றும் பஞ்சிலும் நீர் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது எப்போதும் குடித்துக்கொண்டே இருக்கும். முற்றிலும் நீர் நீக்கிய 100 கிலோ பருத்தி, வழக்கமான ஈரப்பதமுள்ள அறையில் ஏறத்தாழ 8.5 கிலோ நீரைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பது வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. பாலியெஸ்டர் இழையோ 100 கிலோவுக்கு அரைக் கிலோ கூட எடுத்துக்கொள்வதில்லை. கோடையில் பருத்திச் சட்டை சுகமாக இருப்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையைத் தொடங்கியதிலிருந்து கோவை பஞ்சோடு பிறந்து வளர்ந்த நகரம். நூற்பாலைக்குள் போயிருப்பவர்களுக்குத் தெரியும். அங்கே காற்றில் ஈரத்தை வேண்டுமென்றே சேர்த்து வைத்திருப்பார்கள். பருத்தி இழை ஈரமாக இருக்கும்போது வலிமை கூடும். காய்ந்து போனால் நூல் அடிக்கடி அறுபடும். 1956-இல் கோவையில் தோன்றிய தென்னிந்திய நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிறுவனங்கள் ஆராயும் செய்திகளில் இதுவும் ஒன்று. பஞ்சு எவ்வளவு குடிக்கிறது என்பது இங்கே பணக் கணக்கு. ஈரம் அதிகமுள்ள பஞ்சை வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்தல்லவா விலை கொடுக்கிறார்!

கரி செய்வது வேறு வேலை

இனி ஒரு துண்டு கரியை எடுத்துக்கொள்வோம். கலங்கிய நீரைக் கரியும் மணலும் இட்ட பானையில் ஊற்றித் தெளிய வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பழமையானது. "கரி அழுக்கை உறிஞ்சிவிடும்" என்று சொல்வோம். ஆனால் பஞ்சு நீரைக் குடிப்பது போலக் கரி அழுக்கைக் குடிக்கிறதா?

கரியின் இந்தக் குணத்தை அறிவியலார் 18-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தனர். 1773-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, கரி வாயுக்களைப் பெருமளவில் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார். 1777-இல் இத்தாலியின் ஃபொன்டானாவும் அதையே கண்டார். 1785-இல் ரஷ்யாவில் பணியாற்றிய லோவிட்ஸ், கரியைப் போட்டுக் குலுக்கினால் கரைசல்களின் நிறம் நீங்குவதை அறிந்தார். ஆனால் நடப்பது என்ன என்பதற்குத் தனிச்சொல் அப்போது இல்லை. எல்லாவற்றையும் உறிஞ்சுதல் என்றே சொல்லி வந்தார்கள்.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 1881-இல், ஜெர்மனியின் இயற்பியலார் ஹைன்ரிக் கைசர் இதற்கென ஒரு சொல்லை வெளியிட்டார். வாயு கரியின் உள்ளே கரைந்துவிடவில்லை. அதன் பரப்பின்மேல் படிந்து அடர்கிறது என்பதே அவர் காட்ட விரும்பிய வேறுபாடு. எமில் து புவா-ரேமோன் என்ற உடலியல் அறிஞர் கூறிய யோசனைப்படி, 'அப்' என்ற ஒட்டை எடுத்துவிட்டு 'அட்' என்ற ஒட்டைச் சேர்த்தார்கள். 'அட்' என்றால் இலத்தீனில் 'மேல், அருகில், நோக்கி' என்று பொருள். 'அட்சார்ப்ஷன்' பிறந்தது. ஆங்கில நெடுங்கணக்கில் இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதுவும் 'பி', 'டி' என்ற இரு சிறிய எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தாற்போல இருக்கும். உலகெங்கும் மாணவர்கள் தேர்வில் இதைத் தவறாக எழுதி மதிப்பெண் இழப்பதில் வியப்பில்லை.

1909-இல் மக்பெய்ன் என்ற வேதியியலார், ஹைடிரஜன் வாயு கரியின் பரப்பில் படிவதோடு நில்லாமல் மெல்ல உள்ளேயும் ஊறுவதைக் கண்டார். இரண்டும் கலந்து நடக்கும்போது ஒட்டே வேண்டாமென்று வெறும் 'சார்ப்ஷன்' என்ற சொல்லை அவர் வழங்கினார். புதிய உண்மை தெரியத் தெரியச் சொல்லும் மாறுகிறது பாருங்கள்!

தமிழில் என்ன சொல்வது?

தமிழில் அறிவியல் சொற்களை ஆக்கும் பணியில் கொங்கு நாட்டுக்குத் தனிப் பங்குண்டு. 1916-இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஓர் அமைப்பை ஏற்படுத்திப் பத்திரிகை நடத்தினார்கள். 1954 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்.

நம் பாடநூல்களில் 'அப்சார்ப்ஷன்' என்பதற்கு உட்கவர்தல் என்றும், 'அட்சார்ப்ஷன்' என்பதற்குப் பரப்புக் கவர்தல் அல்லது புறப்பரப்புக் கவர்தல் என்றும் காண்கிறீர்கள். 'கவர்' என்றால் பற்றிக்கொள்ளுதல். உள்ளே பற்றுவது உட்கவர்தல். பரப்பிலே பற்றுவது பரப்புக் கவர்தல். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தில் ஒளிந்திருக்கும் வேறுபாடு தமிழில் சொல்லைக் கேட்டவுடனே விளங்கிவிடுகிறது.

நினைவில் வைக்க இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. பஞ்சு நீரைக் குடிக்கிறது. கரி நிறத்தைப் பிடிக்கிறது. குடிப்பது உட்கவர்தல், பிடிப்பது பரப்புக் கவர்தல். புதுக் கருவிகளின் பெட்டிகளுக்குள் சிறு பொட்டலத்தில் மணிமணியாக சிலிக்கா ஜெல் போட்டிருப்பார்கள். அது காற்றின் ஈரத்தைத் தன் நுண்துளைப் பரப்புகளில் பிடித்து வைக்கிறது. மழைக்காலத்தில் கசியும் உப்போ, ஈரத்தை வாங்கித் தானே அதில் கரையத் தொடங்குகிறது. ஒன்று பிடிப்பது, மற்றொன்று குடிப்பது.

ஒரு கிராமில் 25 சென்ட்

பரப்பில் மட்டும் பிடிக்கும் கரிக்கு அவ்வளவு இடம் எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் உள்ள கனசதுரத்துக்கு ஆறு முகங்கள். மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் 10 இலட்சம் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் பரப்பும் 6 சதுர சென்டிமீட்டர். மொத்தம் 600 சதுர மீட்டர்! பொருள் அதேதான், பரப்பு மட்டும் 100 மடங்காகிவிட்டது. கரியிலோ வெட்டாமலே உள்ளெங்கும் நுண்துளைகள் இருக்கின்றன. துளைகளின் சுவரெல்லாம் பரப்புதான்.

காங்கேயம், வெள்ளக்கோயில் பக்கம் போனால் கொப்பரைக் களங்களைக் காணலாம். எண்ணெய்க்குக் கொப்பரை எடுத்தபின் மீதியாவது ஓடு. நம் பக்கத்தில் அதைத் தேங்காய்த் தொட்டி என்போம். மற்ற ஊர்களில் சிரட்டை, கொட்டாங்கச்சி என்பார்கள். காற்று போதாமல் அதைச் சுட்டால் கரியாகும். அந்தக் கரியை மேலும் 800 முதல் 1000 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பத்தில் வைத்து நீராவியைச் செலுத்தினால், நீராவி கரியை அரித்து எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கும். இதற்குக் 'கிளர்வூட்டிய கரி' என்று பெயர். இத்தகைய கரி ஒரு கிராமின் பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர் இருக்கும். கால் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட் நிலம்! ஒரு கைப்பிடிக் கரியில் ஒரு பெரிய தோட்டமே மடிந்து கிடக்கிறது.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர நகர் அருகே குளோரின் நச்சுவாயு வீசப்பட்டது. அதன்பின் ரஷ்ய வேதியியலார் ஜெலின்ஸ்கி உள்ளிட்டோர் கரி நிரப்பிய முகமூடிகளை உருவாக்கினார்கள். போரின் இறுதியில் அமெரிக்காவில் முகமூடிக் கரிக்காகத் தேங்காய் ஓடுகளையும் பழக்கொட்டைகளையும் சேகரித்தார்கள். தேங்காய் ஓட்டின் துளைகள் மிக நுண்ணியவை. வாயு மூலக்கூறுகளைப் பற்ற ஏற்றவை. இன்று வீட்டுக் குடிநீர் வடிப்பான்களிலும், விஷம் அருந்தியவர்களுக்கு மருத்துவர் தரும் கரித் தூளிலும் வேலை செய்வது இதே பரப்புக் கவர்தல்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. கரி சுடும் புகையும், சூட்டுக் கரியை அணைக்க ஊற்றும் நீரும் பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கின்றன என்று அப்பகுதி விவசாயிகள் முறையிட்டிருக்கிறார்கள். உலகின் நீரைத் தூய்மை செய்யும் பொருளை ஆக்கும்போது சொந்த ஊரின் நீர் கெடலாகாது அல்லவா?

சாயம் துணியில் ஏறும் கதை

இப்போது திருப்பூருக்கு வருவோம். சாயப்பட்டறையில் பின்னல் துணியைச் சாயத் தொட்டியில் போடுகிறார்கள். "துணி சாயம் பிடித்துவிட்டது" என்கிறார்கள் தொழிலாளர்கள். அவர்கள் வாய்ச்சொல் அறிவியலுக்கு மிக அருகில் இருக்கிறது. சாய மூலக்கூறு முதலில் நூலிழையின் பரப்பில் படிகிறது. இது பரப்புக் கவர்தல். பிறகு இழைக்குள் மெல்ல ஊறிச் செல்கிறது, இது உட்கவர்தல். கடைசியில் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்புக் கொண்டு நிலைக்கிறது. பிடிப்பது, குடிப்பது, பிணைவது என்று மூன்று படிகள்.

முதல் படியில் ஒரு தடை உண்டு. நீரில் நனைந்த பருத்தியின் பரப்பு எதிர்மின்னேற்றம் கொள்கிறது. பருத்திக்குப் பயன்படும் சாயங்களும் நீரில் எதிர்மின்னேற்றம் உடையவையே. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று படித்திருக்கிறீர்கள். எனவே சாயம் துணியை நெருங்கத் தயங்குகிறது. இதைச் சரிக்கட்டத்தான் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பின் நேர்மின் சோடியம் அயனிகள் இடையில் நின்று தள்ளுவிசையைத் தணிக்கின்றன. சாயம் துணியை அடைகிறது. அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு தேவைப்படும்.

வேலை முடிந்தபின் உப்பு எங்கே போகிறது? துணி அதைக் குடிப்பதுமில்லை, பிடிப்பதுமில்லை. ஏறக்குறைய முழுவதும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. துணியில் ஏறாத சாயமும் கூடவே போகிறது.

தெளிந்த நீர் நல்ல நீரா?

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்வது நொய்யல். அதன் குறுக்கே சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. நோக்கம் பாசனம். ஆனால் சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் இடமாக அது மாறிற்று. அணை நீரைப் பயிருக்கு விட முடியவில்லை. தண்ணீர் வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது.

இங்கேதான் நம் சொற்களின் வேறுபாடு முக்கியமாகிறது. கழிவு நீரின் நிறத்தைக் கரியால் நீக்கிவிடலாம். சாய மூலக்கூறுகள் பெரியவை. கரியின் பரப்பு அவற்றை எளிதில் பிடித்துக்கொள்ளும். வெளிவரும் நீர் கண்ணாடி போல இருக்கும். "கரி எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது" என்று சொல்லத் தோன்றும். ஆனால் உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளால் இறுகச் சூழப்பட்டவை. நீரை விட்டுக் கரிப் பரப்பில் வந்து ஒட்ட அவற்றுக்கு நாட்டமில்லை. எவ்வளவு கரி போட்டாலும் உப்பு நீரிலேயே இருக்கும். நிறம் போன நீர் நல்ல நீர் ஆகிவிடாது. கண்ணுக்குத் தெரியும் குற்றம் போய்விட்டது; தெரியாத குற்றம் அப்படியே இருக்கிறது.

அந்த நீரைத் தென்னைக்குப் பாய்ச்சினால் என்ன ஆகும்? வேர் நீரை உறிஞ்சுவது, வேருக்குள் இருக்கும் கரைசல் மண்ணின் நீரைவிட அடர்த்தியாக இருப்பதால்தான். மெல்லிய சவ்வைக் கடந்து நீர் அடர்த்தி மிகுந்த பக்கம் செல்லும். இதைச் சவ்வூடு பரவல் என்கிறோம். மண்ணில் உப்பு ஏற ஏற, வெளிநீரின் அடர்த்தி கூடி, வேருக்குள் நீர் செல்வது தடைப்படுகிறது. பாத்தியில் தண்ணீர் நிற்கும், மரம் வாடும். எதிரே குடம் நிறைய நீர் இருந்தும் குடிக்க முடியாமல் மரம் தாகத்தால் காய்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் ஆற்றில் விடக்கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பல்லாயிரம் தொழிலாளர்களின் வேலை நின்றது. ஒரு பக்கம் அவர்கள் பிழைப்பு, மறு பக்கம் உழவர் நிலம். இரண்டையும் காக்க வழி தேட வேண்டியிருந்தது.

உப்பைப் பிடிக்கவும் முடியாது, குடிக்க வைக்கவும் முடியாது என்றால், நீரைத்தான் உப்பிடமிருந்து பிரித்தெடுக்க வேண்டும். சவ்வூடு பரவலில் நீர் இயல்பாக அடர்த்தி மிகுந்த பக்கம் போகும் என்றோமல்லவா? அந்தப் பக்கத்தில் மிகுந்த அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் சவ்வைக் கடந்து வரும், உப்பு பின்தங்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இம்முறையால் பெரும்பகுதி நீரை மீட்டு மறுபடியும் சாயமிடப் பயன்படுத்துகிறார்கள். எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பையும் மீட்கிறார்கள். செலவும் மின்சாரமும் அதிகம். எதற்கும் உதவாத கலப்பு உப்பும் ஓரளவு மிஞ்சுகிறது. அதைப் பாதுகாப்பாக வைப்பது இன்னும் தீராத பிரச்சினை. இதற்குக் குறைந்த செலவில் ஒரு விடை காண்பவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

தேவையானவை: கரித்தூள், ஒரு துளி எழுதும் மை, ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு, வடிதாள் அல்லது நெருங்கிய நெசவுள்ள துணி, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு தட்டு. மீன் தொட்டிப் பொருள் விற்கும் கடைகளில் கிளர்வூட்டிய கரி கிடைக்கும். அது இன்னும் நன்று.

1. கரித்தூளை இரண்டு மூன்று முறை நீரில் கழுவுங்கள். சாம்பலில் உள்ள உப்புகள் போய்விடும்.

2. அரை டம்ளர் நீரில் உப்பைக் கரைத்து, ஒரு துளி மை விட்டுக் கலக்குங்கள்.

3. அதில் இரண்டு மூன்று கரண்டி கரித்தூளைப் போட்டுப் பத்து நிமிடம் கலக்கி, அரை மணி நேரம் வைத்து, வடிகட்டுங்கள். நிறம் பெருமளவு குறைந்திருக்கும். குறையாவிட்டால் புதிய கரியால் மறுபடி செய்யுங்கள்.

4. வடிந்த நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் வற்றியபின் தட்டில் வெண்மையாகப் படிந்திருப்பது என்ன?

இந்த நீரை வாயில் வைத்துச் சுவை பார்க்கக் கூடாது. தட்டே உங்களுக்கு விடை சொல்லும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை 'உறிஞ்சுகிறது' என்று எழுதும்போது ஒரு கணம் நின்று கேளுங்கள்: இது குடிக்கிறதா, பிடிக்கிறதா? எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது? தெளிந்த நீரைக் கண்டதும் நல்ல நீர் என்று முடிவு கட்டுவதற்கு முன்பும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பஞ்சுக்கும் கரிக்கும் வேருக்கும் ஒரே சொல் போதும் என்று இருந்துவிட்டால், வடிகட்டி வந்த தெளிநீரில் உப்பைத் தேட வேண்டும் என்ற நினைவே நமக்கு வராது.